மூச்சும் புகையும்



நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்திருக்கிறது. ஹற்றன் 4000 அடிக்கும் மேலே இருக்கிறது. கீழ்நாட்டு வெப்பத்திற்கு அஞ்சியவர்கள் ஆண்டுதோறும் இம்மலைகளை நாடிவந்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, இதுவன்றோ சுத்தமான காற்று என்று மகிழ்கின்றனர். அந்தக் காற்று நல்ல காற்றே, அதில் ஐயமில்லை. ஆனால் அதே மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக நிற்கும் லயன்களிலே, பனி இறங்கும் பின்னிரவில் உறக்கமின்றி எழுந்து உட்கார்ந்து, சுவரிலே சாய்ந்தபடி மூச்சுக்குப் போராடும் மனிதர்களும் இருக்கின்றனர். வெளியே நல்ல காற்றிருக்க உள்ளே மூச்சு முட்டுவானேன்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இந்நோய்க்கு நம்மிடையே பல பெயர்கள் உண்டு. ஈளை என்பர், இரைப்பு என்பர், இழுப்பு, தொய்வு, முட்டு என்றெல்லாம் ஊருக்கு ஊர் சொல்வர். ஆஸ்த்மா என்பது வைத்தியர் வழங்கும் பெயர். அது மூச்சிரைத்தலைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல். பெயர்கள் பலவாயினும், காரணம் என்னவென்று கேட்டால் தோட்டத்து மக்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "குளிர், வேறென்ன?" சிலர் நெஞ்சிலே சளி கட்டியிருக்கிறது என்பர். இன்னும் சிலர், பிறவியிலேயே நெஞ்சு பலவீனம் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவர்.

இவ்விடைகளில் ஓரளவு உண்மை உண்டு. குளிர்காற்று இழுப்பைத் தூண்டுவது மெய்யே. ஆயினும் தூண்டுதல் வேறு, காரணம் வேறு. உலர்ந்த மானாவில் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்கிறது. ஈரப்புல்லில் அதே பொறி பட்டால் அணைந்து போகிறது. குளிர் ஒரு பொறி மாத்திரமே. அந்தப் பொறி பற்றிக்கொள்ளும்படி மூச்சுக் குழாயை முன்னரே ஆயத்தமாக்கி வைத்திருப்பது எது? அதற்குப் பெயர் அழற்சி. அந்த அழற்சியை உண்டாக்குபவை வெளியிலிருந்து வந்த பகைவர்கள் அல்ல; நம்மைக் காப்பதற்கென்றே நம் உடலில் இருக்கும் காவற் கலங்கள்தாம்.

முதலில் காற்றுச் செல்லும் வழியைச் சிறிது நோக்குவோம். மூக்கு வழியே நுழையும் காற்று தொண்டையைக் கடந்து பெருங்குழாயில் இறங்குகிறது. அக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. அவ்விரண்டும் மீண்டும் மீண்டும் கிளைவிட்டு, ஏறத்தாழ 23 தலைமுறைக் கிளைகளாகி, இறுதியில் நுண்ணிய காற்றறைகளிலே முடிகின்றன. குழாயின் உட்புறத்திலே மெல்லிய ஈரத்தோல் உண்டு. அத்தோலின்மீது நுண்மயிர்கள் அசைந்தபடியே இருக்கின்றன. காற்றோடு வந்த தூசு சளியிலே ஒட்டிக்கொள்ள, நுண்மயிர்கள் அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவருகின்றன. தோலுக்கு வெளியே, குழாயைச் சுற்றி வளைத்தாற்போல் தசைநார்கள் அமைந்துள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்று இவ்வழியே போய்வருகிறது. இவ்வளவு பெரிய வாசலைக் காவலின்றித் திறந்து வைத்திருக்க முடியுமா? முடியாது. ஆகவேதான் அங்கே காவற்படை ஒன்று எந்நேரமும் நிலைகொண்டுள்ளது.

இப்படையினரை உலகுக்கு முதன்முதலாக அடையாளம் காட்டியவர் போல் ஏர்லிச் என்னும் ஜேர்மானிய விஞ்ஞானி. அவர் மாணவராக இருந்த காலத்திலேயே, சாயங்களைக் கொண்டு கலங்களை நிறமேற்றிப் பார்க்கும் கலையில் ஈடுபட்டார். 1878ஆம் ஆண்டில், உள்ளே மணிமணியாகப் பொருள்கள் நிறைந்த ஒருவகைக் கலத்தைக் கண்டு, அதற்கு மாஸ்ட் கலம் என்று பெயரிட்டார். நன்றாக உண்டு கொழுத்தது என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டிலே, இயோசின் என்னும் சிவப்புச் சாயத்தை விரும்பி ஏற்றுக்கொள்ளும் வெண்குருதிக் கலத்தை விவரித்தார். அதனையே இயோசின் நாடி என்கிறோம். மாஸ்ட் கலம் மூச்சுக்குழாயின் தோலிலேயே குடியிருப்பது. இயோசின் நாடி குருதியில் சுற்றி வருவது. அழைப்பு வந்தால் குருதியை விட்டு வெளியேறித் தோலுக்குள் நுழைவது.

இவை எப்போது தவறான போருக்குப் புறப்படுகின்றன? சிலருடைய உடல், பூந்தாது, வீட்டுத் தூசியில் வாழும் நுண்பேன், பூஞ்சணம், பூனை நாய்களின் செதில் முதலிய தீங்கற்ற பொருள்களையும் பகையென்று கருதி, அவற்றுக்கெதிராகத் தனியொரு பிறபொருளெதிரியை உண்டாக்குகிறது. அந்தப் பிறபொருளெதிரி இன்னதென்று நெடுங்காலம் தெரியாதிருந்தது. 1966, 1967ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் டென்வர் நகரில் பணியாற்றிய இஷிசாக்கா என்னும் யப்பானியத் தம்பதியரும், சுவீடனின் உப்சாலா நகரில் யொஹான்சன், பென்னிக் என்னும் இருவரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். 1968ஆம் ஆண்டில் அதற்கு இமியூனோகுளோபுலின் ஈ என்று பொதுப்பெயர் சூட்டப்பட்டது. இது மாஸ்ட் கலத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தான் அறிந்த தூசு மீண்டும் வந்து பட்டதும் மாஸ்ட் கலத்தை எழுப்பிவிடுகிறது.

அதன்பின் நடப்பதைத் தோட்டத்து நேயர்களுக்கு விளக்குவது எளிது. விடியற்காலையில் பிரட்டுத் தப்பு முழங்கியதும், லயன்களிலிருந்து ஆட்கள் பிரட்டுக்களத்திற்கு வந்து சேர்ந்த வழக்கத்தை மூத்தவர்கள் அறிவர். மாஸ்ட் கலம் அந்தத் தப்பை முழக்குகிறது. அது தன் மணிகளிலுள்ள ஹிஸ்டமின் முதலான பொருள்களை வெளியே கொட்டுகிறது. சில நிமிடங்களுக்குள் தசைநார்கள் இறுகுகின்றன, குழாய் சுருங்குகிறது, மூச்சிலே விசில் ஓசை எழுகிறது. இது முதற் கட்டம்.

சில மணி நேரங்கழித்து இரண்டாங் கட்டம் வருகிறது. இப்பொழுது ஏவல் செய்பவை ரீ கலங்கள் எனப்படும் மற்றொரு வகை வெண்குருதிக் கலங்கள். இவற்றுள் துணைபுரியும் கலங்கள் இரு வகையின என்பதை 1986ஆம் ஆண்டில் மொஸ்மன், கொவ்மன் என்னும் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு வெளியிட்டனர். அவற்றுள் இரண்டாம் வகையே ஆஸ்த்மாவின் கங்காணி எனலாம். அது விடுக்கும் கட்டளையால் இயோசின் நாடிகள் எலும்பு மச்சையிலே பெருகி, குருதி வழியே வந்து, மூச்சுக்குழாயின் தோலிலே குவிகின்றன. ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்லத் தக்க கடுமையான புரதங்களை அவை தம்முள் வைத்திருக்கின்றன. இங்கோ புழு எதுவும் இல்லை. ஆகவே அந்த நஞ்சு நம்முடைய சொந்தத் தோலின்மீதே கொட்டப்படுகிறது. தோல் வீங்குகிறது, ஆங்காங்கே உரிகிறது, சளி தடித்துக் குழாயை அடைக்கிறது. வீக்கமும் புண்ணுமான அத்தோலின்மீது குளிர்காற்று படினும், அடுப்புப் புகை படினும், ஓட்டத்தின் வேகமூச்சு படினும், தசைநார்கள் உடனே இறுகிவிடுகின்றன.

நேயர்களே, இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இழுப்பு வந்து போய்விடுகிறது, அழற்சி போய்விடுவதில்லை. இன்று நன்றாக இருக்கிறேன் என்று ஒருவர் மலையேறிக் கொழுந்து பறிக்கச் செல்லும் நாளிலும், நீறு பூத்த நெருப்பாக அது உள்ளே கனன்றுகொண்டிருக்கக்கூடும்.

தேயிலைத் தொழிலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு நம் நாட்டில்தான் முற்பட ஆராயப்பட்டது. 1903ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து கொழும்பில் பணிபுரிந்த இத்தாலிய மருத்துவ அறிஞர் அல்டோ கஸ்தெலானி, சாமர்ஸ் என்பவருடன் சேர்ந்து எழுதிய வெப்பமண்டல மருத்துவ நூலில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வோருக்கும் தேயிலை ருசி பார்ப்போருக்கும் உண்டாகும் இருமலைக் குறித்திருக்கிறார். பிற்காலத்தில் நம் நாட்டு மார்புநோய் நிபுணர் டாக்டர் சி. ஜி. ஊரகொட, டீமேக்கருக்கு உண்டாகும் ஆஸ்த்மாவைப் பற்றி 1970ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொழில் மருத்துவ இதழொன்றில் எழுதினார். 1980ஆம் ஆண்டில், இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றிய அவருடைய ஆய்வு வெளியாயிற்று.

பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்தும் வரையில் தூசு பெரிதும் எழுவதில்லை. உலர்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போதும், கலக்கும்போதும், பொதி செய்யும்போதும்தான், கொழுந்தின் மெல்லிய உரோமங்களும் இலைத் துகளும் பஞ்சுபோல் எழுந்து காற்றிலே மிதக்கின்றன. எல்லாருக்கும் அது தீங்கு செய்வதில்லை. ஆயினும் சிலருடைய காவற் கலங்கள் அதனைப் பகையாகப் பதிவு செய்துகொள்கின்றன. வேலை நாளில் இருமலும் இரைப்பும் கூடி, விடுமுறையில் வெளியூர் சென்றால் குறைவதாக ஒருவர் உணர்ந்தால், அதனை வைத்தியரிடம் தவறாமல் சொல்லவேண்டும். நோயின் மூலத்தைக் கண்டுகொள்ள அது மிகப் பெரிய துப்பு ஆகும்.

இனிப் புகைக்கு வருவோம். தூசு வேறு, புகை வேறு. தூசினால் எழும் ஆஸ்த்மாவில் மாஸ்ட் கலமும் இயோசின் நாடியும் முன்னணியில் நிற்கின்றன என்று கண்டோம். சுருட்டு, பீடி, சிகரெட் ஆகியவற்றின் புகை உள்ளே செல்லும்போது எழுந்து வருவது வேறொரு படை. முதலில், காற்றறைகளைத் துப்புரவு செய்யும் பெருவிழுங்கிகள் என்னும் கலங்கள் பெருகுகின்றன. அவை கரித்துகளை விழுங்கி விழுங்கிக் கறுத்துப்போகின்றன. விழுங்கிய நிலையில் உதவிக்குக் குரல் கொடுக்கின்றன. அக்குரலுக்கு நடுநிலை நாடிகள் எனப்படும் வெண்குருதிக் கலங்கள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. கிருமிகளைக் கொல்வது அவற்றின் தொழில். அதற்கென அவை வைத்திருக்கும் புரதமழிக்கும் நொதியங்கள், கிருமி இல்லாத இடத்திலே, நுரையீரலின் மீள்சத்தி நார்களையே அரித்துவிடுகின்றன. நுண்மயிர்களும் புகையினால் செயலற்றுப் போவதால், சளி மேலேற வழியின்றித் தங்கிவிடுகிறது. பீடி சிகரெட்டைவிட மென்மையானது என்றொரு நம்பிக்கை உண்டு. அது தவறு. அணையாமல் இருக்கப் பீடியை அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது; ஆகவே புகை குறைவதில்லை.

ஆஸ்த்மாவில் அடைபட்ட குழாய் மருந்தினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். ஆனால் புகையினால் காற்றறைகளின் சுவர்கள் அழிந்தால், அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இதனையே நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்கின்றனர்.

புகைபிடிப்பவர் ஆண்மகன்தானே, பெண்களுக்கு இக்கேடு இல்லையே என்று யாரேனும் எண்ணலாம். நமது பழைய லயன் அறையை நினைத்துப் பாருங்கள். 10 அடிக்கு 12 அடி என்பது வழக்கமான அளவு. பின்னுக்குப் பின் ஒட்டிக் கட்டிய லயன்களில் காற்று ஊடுருவிச் செல்ல மறுபக்க வாசலே இல்லை. அந்தக் காம்பராவிலோ இஸ்தோப்பின் ஓரத்திலோ அடுப்பு. மழைக்காலத்தில் விறகு நனைந்திருக்கும். கவ்வாத்து முடிந்ததும் பெண்கள் தலையிலே சுமந்துவந்த தேயிலை மிலாறு பச்சையாகவே அடுப்பில் வைக்கப்படும். குளிருக்கு அஞ்சிக் கதவும் சாத்தப்பட்டிருக்கும். அடுப்பின் முன் குந்தி ஊதும் தாயும், அவள் மடியில் இருக்கும் குழந்தையும், சுருட்டைக் கையால் தொடாமலே அதையொத்த நச்சுப் புகையை நாள்தோறும் இழுக்கின்றனர். விறகுப் புகையின் நுண்துகள்களும் பெருவிழுங்கிகளையும் நடுநிலை நாடிகளையும் அழைத்து வருவனவே. ஒருநாளும் புகைபிடிக்காத பெண்களுக்கு நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் வருவதற்கு உலகெங்கும் அடுப்புப் புகை ஒரு முதன்மைக் காரணமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆஸ்த்மா உள்ளவரே புகையும் பிடித்தால் என்ன நேரும்? இதுவே இன்றைய பேச்சின் நடுப்பொருள். இரு படைகளும் ஒரே குழாயில் வந்து சேர்கின்றன. அது மட்டுமன்று; அழற்சியை அடக்க வைத்தியர் கொடுக்கும் மருந்தையும் புகை வலிமையிழக்கச் செய்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டினர். இலேசான ஆஸ்த்மா உள்ளவர்களுக்கு, மூச்சோடு இழுக்கும் ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். புகைபிடிக்காதவர்களுக்குத் தெளிவான நன்மை கிட்டியது. புகைபிடிப்பவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை.

இதற்கு ஒரு காரணம் கலத்தின் உட்கருவிலே இருக்கிறது. ஸ்டீரொயிட் மருந்து உட்கருவிற்குள் சென்று, அழற்சிப் பொருள்களை ஆக்கும் மரபுக் கட்டளைகளை மூடிவைக்கிறது. அப்படி மூடுவதற்கு அங்குள்ள ஒரு நொதியத்தின் துணை வேண்டும். புகையிலுள்ள ஒட்சியேற்றும் பொருள்கள் அந்த நொதியத்தையே குறைத்துவிடுகின்றன. பூட்டு இருக்கிறது, பூட்டும் கை இல்லை. நோயாளியோ, மருந்து எடுத்தும் பயனில்லை என்று மனம் சோர்ந்து மருந்தையும் விட்டுவிடுகிறார்.

ஆயினும் இந்தக் கதைக்கு ஆறுதலான ஒரு பின்பகுதி உண்டு. அதே கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். ஆஸ்த்மா இருந்தும் புகைபிடித்து வந்தவர்களுள் சிலர் புகையை அடியோடு விட்டனர். ஆறே வாரங்களில் அவர்களுடைய மூச்சின் அளவு உயர்ந்தது. சளியிலே நடுநிலை நாடிகளின் தொகை குறைந்தது. ஆறு வாரம் என்பது எவ்வளவு காலம்? இரண்டு சம்பளத்திற்குள் அடங்கிவிடும் காலம். பல ஆண்டுகள் புகைத்துவிட்டேன், இனி விட்டு என்ன பயன் என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல விடை வேறில்லை.

தேயிலையை நம்பி வாழும் நமக்கு இங்கே இன்னொரு செய்தியும் சுவை தரும். 1888ஆம் ஆண்டில் அல்பிரெக்ட் கொசெல் என்னும் ஜேர்மானிய அறிஞர் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, தியோபிலின் என்று பெயரிட்டார். இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும் குணம் அதற்கு உண்டென்று பின்னர் அறிந்து, ஆஸ்த்மா மருந்தாகப் பயன்படுத்தினர். இன்றும் மாத்திரை வடிவிலே அது சில நோயாளர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. தேநீர் குடித்தால் இழுப்புத் தீர்ந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கோப்பைத் தேநீரில் உள்ள அளவு மிகச் சொற்பம். நான் சொல்லவந்தது வேறு. புகைபிடிப்பவரின் ஈரல் தியோபிலினை விரைவாக அழித்துவிடுகிறது. ஆகவே அவருக்கு வழக்கமான அளவு போதாமற் போகிறது. அவர் புகையை நிறுத்தினாலோ அதே மாத்திரை குருதியிலே மிகுந்து தீங்கு செய்யக்கூடும். எனவே இம்மாத்திரை எடுப்பவர் புகையை நிறுத்தும்போது அதனை வைத்தியருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

இனி மருந்துகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை. ஆஸ்த்மாவுக்கு இருவகை மருந்துகள் முக்கியமானவை. ஒன்று, இறுகிய தசைநாரைத் தளர்த்துவது. சல்பியுட்டமோல் அவ்வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் நீலநிறப் பம்பிலே வருவது. மற்றது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மருந்து. பெக்ளோமெத்தசோன் என்னும் அம்மருந்து மூச்சோடு இழுக்கும் வடிவில் 1972ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளிவந்தது. முதல் மருந்து சில நிமிடங்களில் சுகம் தருகிறது. இரண்டாவது மருந்தின் பயன் நாள்கள், வாரங்கள் கழித்தே தெரிகிறது. சுகம் தருவதை மனம் நாடுவதும், சுகத்தை உடனே காட்டாததை மறப்பதும் மனித இயல்பு. ஆனால் நீலப் பம்பு புகையை விசிறி விலக்குவது போன்றது. நெருப்பை அணைப்பது மற்றதே. ஆஸ்த்மா பற்றிய உலகளாவிய வழிகாட்டிக் குழு 2019ஆம் ஆண்டில், வயதுவந்தோருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தசைத் தளர்ப்பி மருந்தை மட்டும் தனியே கொடுப்பதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. அழற்சி மருந்தும் உடன் இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

பம்புக்குப் பழகினால் விட முடியாது, அது கடைசி நிலை நோயாளிக்கு உரியது என்ற பேச்சுத் தோட்டங்களில் மட்டுமன்றி நகரங்களிலும் உலவுகிறது. உண்மை நேர்மாறானது. மாத்திரையாக விழுங்கும் ஸ்டீரொயிட் மில்லிகிராம் கணக்கில் உடலெங்கும் பரவுகிறது. மூச்சோடு இழுப்பதோ மைக்ரோகிராம் கணக்கிலே, வேண்டிய இடத்திற்கு நேரே செல்கிறது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால், வாயிலே பூஞ்சணம் தோன்றுவதையும் பெரிதும் தவிர்க்கலாம். சிறுவர்களுக்குப் பம்பும் வாயும் ஒத்து இயங்குவது கடினம். இடையிலே ஒரு காற்றுக்கலன் வைத்துக் கொடுக்கவேண்டும். அதனை வாங்க வசதியில்லாத இடங்களுக்குப் பயன்படும் ஓர் ஆய்வு 1999ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிலிருந்து வெளியாயிற்று. 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலைத் துளையிட்டு, பம்பை அதில் இறுகப் பொருத்தினால், கடையில் விற்கும் கலனுக்கு இணையாக அது பயன்தருகிறது என்று கண்டனர். அதைச் செய்யும் முறையை வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்டறிந்து செய்வது நன்று.

பெண்பிள்ளைக்கு இழுப்பென்று வெளியே தெரிந்தால் கலியாணம் தடைப்படுமென்று பம்பை ஒளித்துவைக்கும் பெற்றோரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒழுங்காக மருந்தெடுக்கும் பிள்ளை ஓடும், ஆடும், மலையேறும், பிள்ளை பெறும். மருந்தை ஒளிப்பதால் நோய் ஒளிவதில்லை. கருவுற்ற காலத்தில் மருந்தை நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. மூச்சுத் தடைப்படும் தாயின் குருதியிலிருந்தே குழந்தைக்கும் ஒட்சிசன் செல்லவேண்டும் அல்லவா?

வீட்டிலும் வேலைத்தலத்திலும் செய்யத் தக்கவை சில உண்டு. மிலாற்றையும் விறகையும் காயவைத்தே எரிக்கவேண்டும். அனகி என்று நம் நாட்டில் வழங்கும் களிமண் அடுப்பு விறகைச் சிக்கனமாக்குகிறது. ஆயினும் அடுப்புக்கு மேலே புகைபோக்கி இருந்தாலே புகை வெளியேறும். சமைக்கும் நேரத்தில் எதிரெதிரே காற்றுவழி திறந்திருத்தல் நன்று. குழந்தையை அடுப்படியிலிருந்து தூரத்தில் வைத்தல் வேண்டும். புகைபிடிப்பவர் தம்மால் உடனே விட முடியாதெனின், காம்பராவுக்குள் புகைக்கமாட்டேன் என்ற ஓர் உறுதியையாவது இன்றே எடுத்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் நான்கு சுவர்களுக்குட்பட்ட பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பதையும் தடுக்கிறது. ஆனால் காம்பராவுக்குள் சட்டம் நுழைவதில்லை. அங்கே அன்புதான் சட்டமாகவேண்டும்.

தொழிலாளர் மாத்திரம் செய்து முடிக்கக்கூடிய காரியங்களல்ல இவை. சலிக்கும் அறையிலே தூசை உறிஞ்சி அகற்றும் விசிறியை அமைப்பதும், முகக்கவசம் வழங்குவதும், நோயுற்றவரைத் தூசில்லாத வேலைக்கு மாற்றுவதும் தோட்ட நிர்வாகத்தின் கடமை. புகைபோக்கியும் சாளரமும் உள்ள வீடுகளைக் கட்டித் தருவது, மருந்தைவிடப் பெரிய மருந்து. மலையகத்து மக்களின் வீட்டுரிமையைப் பற்றிப் பேசுவோர், அது நுரையீரலின் உரிமையும் ஆகும் என்பதை மறத்தலாகாது.

இறுதியாக, ஆபத்தின் அறிகுறிகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்குதல். நீலப் பம்பை எடுத்தும் சுகம் வராமை அல்லது வந்த சுகம் விரைவில் மறைதல். உதடு நீலம் பூத்தல். குழந்தை சோர்ந்து துவளுதல். முன்பு கேட்ட விசில் ஓசை மூச்சு சீராகாமலே நின்றுவிடுதல். ஓசை நின்றதை நோய் தணிந்ததென்று எண்ணி ஏமாறிவிடக்கூடாது. காற்றே போகவில்லை என்பதற்கு அது அடையாளமாகலாம். இந்நிலையில் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வண்டி வரும். லயத்துக்கு வண்டி வரும் பாதை இல்லையெனின், பெரும்பாதை வரை நோயாளியை யார், எப்படிக் கொண்டுசெல்வது என்பதைப் பகலிலேயே அயலவரோடு பேசி வைத்திருத்தல் நன்று. டிக்கோயா, நுவரெலியா முதலிய அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கான சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை ஆஸ்த்மா என்று தாமே முடிவு செய்யாமல், காசநோய்க்கும் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

நேயர்களே, நம் மூச்சுக்குழாயின் காவற் கலங்கள் நமக்குப் பகைவர்கள் அல்ல. அவற்றுக்குத் தவறான செய்தியைக் கொடுத்து ஓயாமல் போருக்கு எழுப்புபவை தூசும் புகையுமே. சுகமாயிருக்கும் நாளிலும் மருந்தை மறவாதிருப்போம். புகையைக் காம்பராவுக்கு வெளியே நிறுத்துவோம். சுருட்டுக்கும் பீடிக்கும் ஆறு வாரம் விடைகொடுத்துப் பார்ப்போம். மலைக்காற்று நம்முடைய மக்களின் நெஞ்சுக்குள்ளும் தடையின்றிப் போய்வரட்டும்.